கன்னி மூலையில் ஒரு குழி

தாசையன் முப்பது வருஷம் ஊரார் பெயரில் வீடு கட்டியவன். மார்த்தாண்டத்துப் பக்கமிருந்து திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறி வந்த புதிதில் சட்டி சுமந்தான், பிறகு கொத்தனாரானான், அதற்கப்புறம் மேஸ்திரியானான். அவன் கட்டிய வீடுகளுக்குப் பால் காய்ச்சும்போது முன்வரிசையில் நின்று வேட்டி வாங்கிக்கொண்டவரெல்லாம் வேறு யாரோ கான்ட்ராக்டர்கள். இவன் பந்தலுக்கு வெளியே நின்று பாயசம் குடித்துவிட்டு வந்துவிடுவான். அந்தப் பாயசம் அவனுக்கு ஒருநாளும் இனித்ததில்லை.

இந்த ஐப்பசியில்தான் முதன்முதலாகத் தன் பெயரிலேயே ஒரு வீட்டு ஒப்பந்தம் எடுத்திருந்தான். வலியசாலைக்குப் பின்னால் ஓர் இறக்கச் சந்தில் நாலரை சென்ட் மனை. சொந்தக்காரர் பஞ்சாபகேசன், செக்ரட்டேரியட்டில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட அன்று தாசையன் வீட்டுக்குப் போய், "இனி நான் மேஸ்திரி இல்லட்டீ, கான்ட்ராக்டர்" என்றான். அவன் பெண்டாட்டி, "செரி கான்ட்ராக்டரே, கேஸ் சிலிண்டர் தீந்து போச்சு" என்றாள்.

ஆனால் தாசையனுக்கு அது விளையாட்டில்லை. இந்த ஒரு வீட்டை ஒழுங்காக முடித்துக் கொடுத்தால் அடுத்தது தானாக வரும். இதில் சறுக்கினால் ஐம்பத்தோரு வயதில் மறுபடியும் இன்னொருவன் சைட்டில் போய்க் கும்பிடு போட்டு நிற்க வேண்டும்.

தொழிலில் தாசையனுக்கு ஒரே ஒரு வேதம் உண்டு. சைட்டில் தண்ணீர் நிற்கக்கூடாது. அஸ்திவாரத்துக்கு வானம், அதாவது கடைக்கால் பள்ளம், தோண்டிப் போட்டிருக்கும்போது மழைத் தண்ணீர் தேங்கினால் பக்க மண் சரிந்து விழும், தோண்டின வேலையெல்லாம் பாழ். ஆகவே முதல் நாளே மம்பட்டியை எடுத்து, மனை நெடுக அழகாக ஒரு வாய்க்கால் கீறி, தாழ்ந்த மூலையில் மதில் சுவரின் அடியில் இருந்த ஓட்டைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டான். அன்று மத்தியானம் மூன்று மணிக்கு ஐப்பசிக்கே உரிய துலா மழை அடித்தது. தண்ணீர் ஒரு சொட்டு நிற்காமல் ஓடிப்போனதைப் பார்த்துத் தாசையனுக்கு உச்சி குளிர்ந்தது.

ஓடிப்போன தண்ணீர் எங்கே போயிற்று என்று அவன் பார்க்கவில்லை. முப்பது வருஷத்தில் அவன் எந்த சைட்டிலும் அதைப் பார்த்தது கிடையாது. மதிலுக்கு அந்தப் பக்கம் போனபின் அது மதிலுக்கு அந்தப் பக்கத்துக்காரர் பாடு.

மதிலுக்கு அந்தப் பக்கம் செல்லபாய் டீச்சர் இருந்தார். இதுதான் தாசையனுடைய துரதிர்ஷ்டம்.

செல்லபாய் முப்பத்திரண்டு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். தப்பைக் கண்டால் சிவப்பு மையால் சுழிக்காமல் அவரால் இருக்க முடியாது. தெருவிளக்கு எரியாவிட்டால் புகார், பகலில் எரிந்தால் அதற்கும் புகார். அப்படிப்பட்டவருடைய முற்றத்தில், போன ஓணத்துக்குத்தான் பதித்த வெளுத்த டைல்ஸின்மேல், பஞ்சாபகேசனின் செம்மண் கணுக்கால் அளவுக்கு வந்து படுத்துக்கொண்டது. டீச்சர் கத்தவில்லை, சண்டைக்கும் வரவில்லை. போனை எடுத்து, நாலு பக்கமும் நின்று, பக்கத்தில் அடிஸ்கேலை வைத்துப் படம் எடுத்தார்.

மூன்றாம் நாள் கார்ப்பரேஷனிலிருந்து ஓவர்சியர் ஷிஜா ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். சின்ன வயசுதான். ஆனால் ஹெல்மெட்டைக் கழற்றாமலே சைட்டைச் சுற்றிப் பார்த்த விதத்தைக் கண்டு தாசையன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டான்.

"அண்ணா, இந்த மழையில சேறு முழுக்க அடுத்த வீட்டுக்கும் ஓடைக்கும் போகுதல்லோ. ஓடை அடைஞ்சா கீழ உள்ள ஆளுகள் என்ன செய்யும்?"

"சைட்டுல தண்ணி நிக்கப்பிடாதுல்லா மேடம்."

"நிக்கணும் அண்ணா. நின்னு, மண்ணெல்லாம் கீழ அடிஞ்சு, தெளிஞ்ச தண்ணிதான் வெளிய போகணும். தாழ்ந்த மூலையில ஒரு குழி எடுங்க. மண் கூம்பாரத்த தார்ப்பாய் போட்டு மூடுங்க. சுத்தி மணல் மூட்டை வைங்க. இது முதல் தடவை. மூணாவது தடவை வந்தா நான் பேசமாட்டேன், ஸ்டாப் மெமோதான்."

ஸ்டாப் மெமோ! வானம் தோண்டிய நிலையில் வேலை நின்றால் துலா மழை முழுவதும் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கும். மண் சரியும். ஆட்கள் வேறு சைட்டுக்குப் போய்விடுவார்கள். முதல் ஒப்பந்தத்திலேயே வேலையை நிறுத்தவைத்த கான்ட்ராக்டர் என்று பெயர் வந்தால் பிறகு நாய்க்கூண்டு கட்டக்கூட யாரும் கூப்பிட மாட்டார்கள். தாசையன் அவள் ஸ்கூட்டர் திரும்புவதற்கு முன்பே மம்பட்டியோடு தாழ்ந்த மூலைக்கு ஓடினான்.

இரண்டு வெட்டுத்தான் வெட்டியிருப்பான். பின்னாலிருந்து குடை ஒன்று அவன் தோளைத் தட்டியது.

"மேஸ்திரி, என்னதிது? எந்த மூலைல நிக்கறேள்னு தெரியறதோ?" என்றார் பஞ்சாபகேசன்.

"தாழ்ந்த மூலை சாமி."

"கன்னி மூலை ஓய், கன்னி மூலை! தென்மேற்கு! இங்க குழி எடுத்தா கிருஹநாதனுக்கு ஆகாது. கிருஹநாதன் யாரு? நானாக்கும். எனக்கே குழி வெட்டறேளா?"

தாசையன் ஓவர்சியர் சொன்னதையெல்லாம் சொன்னான். தற்காலிகம்தான், அஸ்திவாரம் முடிந்ததும் மூடிவிடலாம், மேலே தளம் போட்டுவிட்டால் குழி இருந்த அடையாளமே இருக்காது என்று கெஞ்சினான். பஞ்சாபகேசன் குடையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"ஜலம் வேணும்னா ஈசான மூலைல இருக்கட்டும். வடகிழக்கு. அதுதான் சாஸ்திரம். அங்க எடுங்கோ, எத்தனை ஆழம் வேணும்னாலும் எடுங்கோ."

"சாமி, அது மேடு. இதைவிட நாலடி ஒசரம்."

"அதனால?"

"தண்ணி மேட்டுக்கு ஏறாது சாமி."

"அதைத் திருப்பிவிடறதுதானே ஓய் உங்க தொழில்?"

கையெழுத்துப் போட்டவர் அவர். தாசையன் ஈசான மூலையில் குழி வெட்டினான். வெட்டுகிறபோது கூட நின்ற கொத்தனார் மகாராஜா, "அண்ணே, இது யாருக்கு?" என்று கேட்டான். தாசையன் அவனை முறைத்தான்.

இருந்தாலும் தன்னால் ஆனதையெல்லாம் செய்தான். மண் கூம்பாரத்தைத் தார்ப்பாயால் மூடினான். கன்னி மூலையில் மணல் மூட்டைகளை இரண்டு வரிசை அடுக்கி அணை கட்டினான். மறுநாள் மூன்று மணி மழைக்கு அணைக்குப் பின்னால் தண்ணீர் இடுப்பளவு நின்று, மூன்றே முக்காலுக்கு மூட்டைகளைப் புரட்டிக்கொண்டு, மதில் ஓட்டை வழியாகப் பழையபடி டீச்சர் வீட்டுக்குக் குடிபோயிற்று. இந்தத் தடவை இரண்டு மூட்டையும் கூடப் போயின.

டீச்சர் அடிஸ்கேலை வைத்துவிட்டு மீட்டர் ஸ்கேலை எடுத்தார்.

ஷிஜா இரண்டாம் முறை வந்தபோது ஈசான மூலைக் குழியின் விளிம்பில் நின்று வெகுநேரம் உள்ளே பார்த்தாள். அடியில், நேராக வானத்திலிருந்து விழுந்த மழை மட்டும் ஒரு சாண் நின்றது. பஞ்சாபகேசன் பெருமையோடு, "பாருங்கோ, எத்தனை தெளிவா இருக்கு! கங்கை மாதிரின்னா இருக்கு!" என்றார்.

ஷிஜா தாசையனைப் பார்த்தாள். "இது என்ன அண்ணா?"

"குழி மேடம்."

"தண்ணி மேலோட்டு ஏறி வருமோ?"

தாசையன் பஞ்சாபகேசனைப் பார்த்தான். பஞ்சாபகேசன் கோயில் கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்தார். ஷிஜா கையிலிருந்த புத்தகத்தில் ஏதோ எழுதி, "வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு மழை பெய்யும்போ வருவேன். அப்பவும் சேறு போச்சுன்னா மெமோ எழுதிட்டுத்தான் போவேன்" என்றாள்.

அன்று திங்கள். தாசையன் மத்தியானச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மதிலோரம் உட்கார்ந்திருந்தான். குழி வேண்டும். அது தாழ்வில் இருக்க வேண்டும். தாழ்வில் இருந்தால் கன்னி மூலை, கன்னி மூலை என்றால் சாமி விடமாட்டார். சாமி சம்மதித்தால் மேடு, மேடென்றால் ஓவர்சியர் விடமாட்டாள். நடுவில் அவன் மாட்டிக்கொண்டு விழி பிதுங்கினான்.

அப்போது மதிலுக்கு மேலாக டீச்சர் முற்றம் கண்ணில் பட்டது. சந்தின் இறக்கத்தில் மனைகளெல்லாம் மாடிப்படி மாதிரி ஒன்றைவிட்டு ஒன்று தள்ளித் தள்ளி இறங்கின. பஞ்சாபகேசன் மனையின் தென்மேற்கு மூலையும் டீச்சர் மனையின் வடகிழக்கு மூலையும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு நின்றன. நடுவில் ஒரு செங்கல் அகல மதில், அதன் அடியில் அந்த ஓட்டை.

தாசையன் விரலை நீட்டி இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை காட்டிப் பார்த்துக்கொண்டான். இந்தப் பக்கம் கன்னி மூலை, அந்தப் பக்கம் ஈசான மூலை. இங்கே குழி வெட்டினால் ஆள் காலி. இரண்டடி தள்ளி அங்கே வெட்டினால் ஐஸ்வரியம்! சோற்றை நாலே வாயில் விழுங்கிவிட்டுக் கையைக் கழுவினான்.

டீச்சர் கதவைத் திறந்தபோது மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறான் என்றுதான் நினைத்தார். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார்.

"டீச்சர், உங்க முற்றத்துல ஒரு குழி வெட்டிக்கிடட்டா?"

செல்லபாய் கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தார்.

"அங்கன உள்ள சேறு விழுகதுக்கு, இங்கன என்ட முற்றத்துல, குழி?" என்று ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். "நீ பள்ளிக்கூடம் போயிட்டுண்டா?"

"அஞ்சாங்கிளாஸ் வரைக்கும் போனேன் டீச்சர். குழி வெட்டினா டைல்ஸுல ஒரு பொட்டு சேறு வராது. ஆறடி நீளம், மூணடி ஆழம். நடுவுல செங்கல் தடுப்பு. முதல் அறையில மண்ணு அடியும், ரெண்டாவது அறையில தண்ணி தெளியும், பைப்பு வழியா ஓடைக்குப் போவும். அடிஞ்ச மண்ணு உங்க மாடித் தோட்டத்துக்கு. மேல்மண்ணு டீச்சர், வெண்டை சும்மா தள்ளிக்கிட்டு வரும்."

டீச்சர் தலையை ஆட்டினார். இல்லை என்கிற ஆட்டல். தாசையன் கடைசியாக, போகிற போக்கில் சொல்வதுபோல, "அது உங்களுக்கு ஈசான மூலை வேற. அங்க தண்ணி வந்து விழுந்தா தடங்கல் உள்ள காரியமெல்லாம் நடக்கும்னு சாமி சொல்லுகாரு. நமக்கு இதுல விசுவாசம் இல்லதான், நம்ம ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போறவங்க" என்றான்.

"அதாக்கும். எனிக்கும் இல்ல. நான் கணக்கு டீச்சராக்கும்" என்றார் செல்லபாய். கதவைச் சாத்தப் போனார். பாதியில் நிறுத்தினார். அவருடைய மகன் பிரஜினுக்கு கனடா விசா எட்டு மாசமாக இழுத்துக்கொண்டிருந்தது. இரண்டு தடவை திரும்பி வந்துவிட்டது.

"எந்த மூலைன்னு சொன்னே?"

செவ்வாய்க்கிழமை குழி வெட்டியாயிற்று. ஓரத்து டைல்ஸ் பன்னிரண்டைப் பேர்த்து, எண் போட்டு அடுக்கி வைத்துவிட்டு வெட்டினான். அடியில் ஜல்லி பரப்பி, செங்கல் தடுப்பு கட்டி, மேல் விளிம்பில் பைப்பு வைத்தான். டீச்சர் ஸ்கேலோடு பக்கத்திலேயே நின்று அளவு பார்த்தார். ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைந்ததைக் கண்டுபிடித்து அதையும் வெட்டவைத்தார்.

வெள்ளிக்கிழமை இரண்டே முக்காலுக்கே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஷிஜா ரெயின்கோட்டோடு வந்து நின்றாள். தாசையனுக்குக் குழிமேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை, ஆனால் அவன் தன் வாழ்நாளில் தண்ணீரை விரட்டித்தான் பழகியிருக்கிறானே ஒழிய உட்காரவைத்துப் பழகியதில்லை.

மழை கொட்டியது. பால் விடாத கட்டன் சாயா நிறத்தில் தண்ணீர் புரண்டு வந்து மதில் ஓட்டையில் நுழைந்து டீச்சர் குழிக்குள் தலைகுப்புற விழுந்தது. முதல் அறை நிறைந்தது. தடுப்பைத் தாண்டி இரண்டாவது அறை நிறைந்தது. எல்லாரும் பைப்பின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் சொட்டு, பிறகு நூல், பிறகு ஒரு பிடி கனத்தில் தண்ணீர் வந்தது. டீச்சர் ஒரு கண்ணாடி டம்ளரில் அதைப் பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். கஞ்சித் தெளிவு மாதிரி இருந்தது.

"எழுபத்தஞ்சு மார்க்கு போடலாம்" என்றார்.

தாசையன் மதிலைப் பிடித்துக்கொண்டான். அழுதுவிடுவோமோ என்று இருந்தது. நல்லவேளை, மழையில் யாருக்கும் தெரியாது.

ஷிஜா போட்டோ எடுத்தாள். பிறகு மதிலை ஒரு தடவை, குழியை ஒரு தடவை பார்த்தாள். "அண்ணா, குழி நல்லா இருக்கு. பக்ஷே இது யாரோட மனை?"

மகாராஜா டீச்சரைப் பார்த்தான், டீச்சர் தாசையனைப் பார்த்தார்.

"சைட்டு மண்ணு சைட்டுக்குள்ளதான் நிக்கணும். இன்னொரு ஆளு மனையில குழி எடுத்தா நான் ரிப்போர்ட்டுல என்ன எழுதுவேன்?" அவளுக்கே வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் பைக்குள்ளிருந்து மெமோப் புத்தகம் வெளியே வந்துவிட்டது. தாசையனுக்குக் காலுக்குக் கீழே மண் நழுவியது. பந்தலுக்கு வெளியே நின்று குடித்த பாயசமெல்லாம் ஒன்றாகத் தொண்டைக்கு வந்தது.

அந்த நேரத்தில்தான் குடையைப் பிடித்துக்கொண்டு பஞ்சாபகேசன் மதிலருகே வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன கூட்டம்? என்னதிது குழி?"

டீச்சருக்கு நேற்றிலிருந்து சொல்ல ஆள் கிடைக்காமல் வாய் ஊறிக்கொண்டிருந்தது. "ஈசான மூலைக் குழியாக்கும் சாமி. உங்க மண்ணு வந்து விழுது. கேட்டோ, எட்டு மாசமா வராத விசா நேத்து காலையில வந்துட்டு! செவ்வாய்க்கிழமை குழி, வியாழக்கிழமை விசா. எனிக்கு இதிலொண்ணும் விசுவாசம் இல்ல. பக்ஷே வந்துட்டே!"

பஞ்சாபகேசன் குழியைப் பார்த்தார். அவருடைய செம்மண் சேறாய் அதற்குள் விழுந்து படிந்துகொண்டிருந்தது. அவருடைய மனையிலிருந்து, அவருடைய பட்டா மண், அடுத்தவள் ஈசான மூலையில் போய் உட்கார்ந்துகொண்டு, அடுத்தவள் பிள்ளையைக் கனடாவுக்கு அனுப்புகிறது! அவருடைய ஈசான மூலையில் ஒரு சாண் கங்கை கொசு முட்டையோடு நின்றுகொண்டிருந்தது. அவர் முகம் போன போக்கைப் பார்க்கத் தாசையனுக்குப் பாவமாகக்கூட இருந்தது.

"மேஸ்திரி!" குடை ஆடியது. "இனி ஒரு சட்டி மண்ணு அந்தப் பக்கம் போகப்படாது! கேட்டேளா? ஒரு சட்டி!"

"போகாம இருக்கணும்னா சாமி," தாசையன் மூச்சை அடக்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னான், "அது இந்தப் பக்கமே நிக்கணும். இந்தப் பக்கம் தாழ்வுன்னா அது கன்னி மூ..."

"எடுங்கோ!"

"சாமி?"

"எடுங்கோன்னா எடுங்கோ! தற்காலிகம்தானே? அஸ்திவாரம் முடிஞ்சா மூடிடலாம். மேல தளம் போட்டா குழி இருந்த அடையாளமே இருக்காது. இது கூடத் தெரியாம என்ன ஓய் நீங்கள்!"

ஷிஜா மெமோப் புத்தகத்தை மூடினாள். ரெயின்கோட்டுக்குள் அவள் தோள் குலுங்கியது. மகாராஜா சிரிப்பை அடக்க ஜல்லிக் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். தாசையன் சிரிக்கவில்லை. மம்பட்டியை எடுத்தான், சாமி மனசு மாறுவதற்குள் இடுப்பளவு இறங்கிவிட்டான்.

அதன்பிறகு ஒரு குறையும் இல்லை. கன்னி மூலைக் குழியில் மண் படிந்தது, மதில் ஓட்டையில் தெளிந்த தண்ணீர் போயிற்று, அஸ்திவாரப் பள்ளம் சரியவில்லை, கல் கட்டு தரைக்கு மேலே எழும்பியது. டீச்சர் மட்டும் தன் குழியை மூட ஒப்பவில்லை. "இருக்கட்டும், டோக்டர்கிட்ட காட்ட வேண்டிய ஒரு காரியமும் உண்டு, அதும் செரியாகட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பத்து நாள் கழித்து ஷிஜாவின் ஸ்கூட்டர் மறுபடியும் சந்துக்குள் வந்தது. தாசையன் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினான்.

"சேறு எதுவும் போகல்லியே மேடம்!"

"அதுதான் அண்ணா பராதி." ஷிஜா ஒரு புகார்க் காகிதத்தை நீட்டினாள். மலையாளத்தில் சீராக, ஓரம் விட்டு, கணக்கு நோட்டில் எழுதுகிற மாதிரி எழுதியிருந்தது. தாசையனுக்கு மலையாளம் பேசத்தான் வரும். ஷிஜாவே வாசித்துச் சொன்னாள். "மேற்படி மனையின் கான்ட்ராக்டர் திரு. தாசையன் அவர்கள், என் வீட்டு ஈசான மூலைக் குழிக்கு முறையாக வந்துகொண்டிருந்த செம்மண்ணைக் கடந்த பத்து நாட்களாகத் தடுத்து நிறுத்தியுள்ளார். வெறும் தண்ணீர் மட்டுமே வருகிறது. தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்." வாசித்து முடித்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள். "இதுக்கு நான் என்ன பதில் எழுதுவேன்? நீங்களே சொல்லுங்க."

தாசையன் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தைப் பார்த்து ஷிஜா பயந்துவிட்டாள். "வெஷமிக்காதீங்க அண்ணா, பயப்படாதீங்க. இதுக்கெல்லாம் மெமோ கிடையாது."

"அது இல்ல மேடம். முதல் வரிய இன்னொருக்க வாசிங்க."

"எது, செம்மண்ணு தடுத்ததோ?"

"அதுக்கு முன்ன."

ஷிஜா 'கான்ட்ராக்டர் திரு. தாசையன் அவர்கள்' வரைக்கும் வாசித்தாள். தாசையன் சிமென்ட் காய்ந்த விரலால் காகிதத்தில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டி, "இங்கதானே போட்டிருக்கு?" என்று கேட்டுக்கொண்டான். பிறகு சொன்னான்.

"மேடம், ஃபைன் போட்டாலும் பரவால்ல. இதுல ஒரு காப்பி எனக்கு எடுத்துத் தாங்க. வீட்டுல ஒருத்திகிட்ட காட்டணும்."